தீபாவளி இரவு 7 மணி: மறதி நோய் உள்ள பாட்டி, தாத்தாவுக்கு ஏன் கஷ்டமான நேரம்?

தீபாவளி அன்னைக்கு வீடு நிறைய ஆள். ஒரு பக்கம் டிவி, வாசலில் சரவெடி. நடுவில் பாட்டி மட்டும் "நேரமாச்சு, நான் எங்க வீட்டுக்குப் போகணும்"னு செருப்பைத் தேடுகிறார். இத்தனைக்கும் அவர் 40 வருஷமாக இருக்கும் வீடே அதுதான்.

"நல்ல நாள் அதுவுமா ஏன் இப்படிப் படுத்துறாங்க?" என்று யாராவது சலித்துக்கொள்வார்கள். ஆனால் அது அடம் இல்லை.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கிறது. இவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். மருத்துவர்கள் இதை 'சன்டவுனிங்' என்கிறார்கள்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு 2 மணி நேர வரம்பு வைத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என நேரம் ஒதுக்கப்படுகிறது. (8 மணிக்கு யார் நிறுத்துறாங்கன்னு கேட்காதீங்க.) ஏற்கெனவே குழம்பிப்போய் இருக்கும் அதே நேரத்தில்தான் தெருவே அதிர்கிறது. அது பட்டாசு என்பதே அவருக்குப் புரியாமல் போகலாம்.

அதனால் 6 மணிக்கே சாப்பாடு கொடுத்து, தெருப்பக்கம் இல்லாத அறையில் ஜன்னலைச் சாத்தி, லைட்டை நன்றாகப் போட்டு, அவருக்குப் பழக்கமான ஒருவர் கூடவே உட்காருங்கள். பிடித்த பழைய பாட்டு ஓடட்டும். காது மெஷின் வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்து வைக்கலாம்.

விருந்தாளி வருகிறார்கள் என்று அவர் கட்டிலை மட்டும் இடம் மாற்றாதீர்கள். ராத்திரி பாத்ரூம் போகும்போது வழி தெரியாமல் விழுந்துவிடுவார். விடியற்காலையில் எழுப்பித் தலையில் தண்ணி ஊத்தினால் பயந்துபோகலாம். வெயில் வந்த பிறகு உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் போதும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு முறுக்கு, மிக்சர் வேண்டாம். சுகர் மாத்திரை நேரமும் தவறக் கூடாது.

ஊரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "என்னைத் தெரியுதா பாட்டி?" பரீட்சை வைப்பது போல. தெரியாவிட்டால் அவருக்கு அவமானம், கேட்டவருக்கு வருத்தம். "பாட்டி, நான் உங்க பேரன், மதுரையிலிருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு, கையைப் பிடித்துப் பேசுங்கள்.

கூட்டத்தில் வாசக்கதவு திறந்தே கிடக்கும், கவனம். வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று அவரிடம் இருக்கட்டும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

இன்னொரு விஷயம். வருஷம் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒருவர்தான், மகளோ மருமகளோ. அடுப்படியிலும் அவரேதான் நிற்கிறார். இந்த வருஷம் அந்த 7 மணிக்குப் பாட்டி பக்கத்தில் யார் உட்காரப்போகிறீர்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இப்போதே பேசி வையுங்கள்.