பிரியம் போதாது, பழக்கம் வேண்டும்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாண்டி ஜூ டவுன் தெருவுக்குள் திரும்பினால் சுக்கு, மிளகு வாசம் இன்றும் மூக்கில் ஏறுகிறது. தெரு முடிகிற இடத்தில் 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் என்ற யூதர் வழிபாட்டிடம். வழி நெடுக இருந்த வீடுகள் இப்போது பழம்பொருள் கடைகள், கம்பளக் கடைகள். 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு இங்கிருந்த யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். போகாமல் தங்கியவர்களில் ஒருவர் சாரா கோஹன். கைத்தையல் துணிகள் விற்ற அவருடைய கடையை அந்தத் தெருவுக்குப் போன யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஆகஸ்டில், 96 வயதில் காலமானார். முதுமையில் அவரையும் கடையையும் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம். சிறுவனாக இந்தத் தெருவில் பொருள் விற்க வந்த இஸ்லாமியர். பிள்ளை மாதிரி கூடவே இருந்தார்.

மனநல ஆலோசனைக்குப் பயிற்சி எடுக்கும் என் அண்ணன் மகள் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறாள். அந்தக் கடை வாசலில் நின்றபோது அவளிடம் கேட்டேன்: “தாஹாவுக்கு யார் கவுன்சலிங் சொல்லிக் கொடுத்தாங்க? மனசுல பிரியம் இருந்தா போதாதா?”

“போதாது சித்தப்பா. அவருக்குச் சாரா ஆன்ட்டியை எத்தனையோ வருஷமாத் தெரியும். என்கிட்ட வர்றவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. கையில இருக்கறது முக்கால் மணி நேரம். அடுத்தவங்க வெளியில காத்திருப்பாங்க.”

அந்தப் பதில் எனக்குச் சரியாகவே பட்டது. முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்துக்கு எதிரே உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் அவருக்கு உதவுவது ஒரு தொழில். மற்றத் தொழில்களைப் போல அதையும் கையால் செய்து, இன்னொருவர் கண் முன்னால் தப்புப் பண்ணித்தான் கற்க முடியும்.

தன் பயிற்சி நோட்டைக் காட்டினாள். உடன் படிக்கும் பெண் ஒரு தாயாக நடிக்கிறாள்; மகன் வளைகுடாவில் வேலை, போன் பண்ணுவது குறைந்துவிட்டது. உரையாடலைப் பதிவு செய்து, பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும். அந்தத் தாய் சொல்கிறாள்: “ராத்திரி போனைத் தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுப் படுக்கறேன்.” இவள் சொன்ன பதில்: “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்.” அதன் மேல் பயிற்சியாளரின் சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘யாருடைய கவலையைத் தணிக்க இதைச் சொன்னாய்?’ அடுத்த முயற்சி: “நீங்களே போன் பண்ணிப் பார்க்கலாமே?” அதற்கும் கோடு. நான்கு பக்கம் தள்ளி ஒரு வரி தப்பித்திருந்தது: “போன் வராத ராத்திரி எப்படிப் போகும் உங்களுக்கு?” அதற்குக் கீழே எதிராளி வெகுநேரம் பேசாமல் இருந்ததையும், இவள் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் இருந்ததையும் குறித்து ஒரு டிக் போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த டிக் ரொம்பப் பிடித்தது. மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் புத்தகம் எதுவும் கற்றுத் தராது. நம் வீடுகளில் யாராவது அழுதால் உடனே தண்ணீர் கொடுப்போம், புத்தி சொல்வோம், பக்கத்து வீட்டுக் கஷ்டத்தை உதாரணம் காட்டுவோம். இவை எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அழுகிறவர் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது.

பேசியதைப் பதிவு செய்து பரிசீலிக்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ஒலித்தட்டுகளில் பதிவான ஆலோசனைகளைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கி, 1942-இல் வந்த தன் நூலில் ஒருவரோடு நடந்த உரையாடலை முழுசாகவே அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடப்பதை மற்றவர்கள் பார்த்துத் திருத்த முடியும் என்று அப்போது தெரிந்தது.

நம் நாட்டிலேயே இன்னும் நல்ல சான்று இருக்கிறது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆலோசனை தர வைத்தது. ஆறு முதல் எட்டு அமர்வுகள். 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாத முடிவில், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 39 சதவீதம். அந்த ஆலோசகர்கள் தங்கள் பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். பெரிய பட்டம் இல்லாதவர்கள் ஜெயித்ததற்கு இந்தத் திருத்தல் ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மட்டாஞ்சேரி மாதிரி ஊரில் வேறு சில பழக்கங்களும் வேண்டும். கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம், பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வேளியின் டோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் வண்ணார்களின் தமிழ் என்று எத்தனையோ வீட்டுமொழிகள். மலையாளத்தில் அளந்து பேசுகிற பெண் தன் வீட்டுமொழியில் உடைந்துவிடலாம். சந்துகளோ குறுகல். காலையில் ஆலோசனைக்கு வந்தவர் மாலையில் மீன் கடையில் எதிரே நிற்பார். அவர் முதலில் சிரித்தால் ஒழிய என் அண்ணன் மகள் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. ரகசியம் காப்பது என்பது நடைமுறையில் இதுதான்.

கஷ்டமான பாடம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் சாவைப் பற்றி யோசிக்கிறாரா என்று நேராகக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. 2022-இல் லட்சம் பேருக்குத் தற்கொலை தேசிய அளவில் 12.4, கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9. இந்த இரண்டு மாநிலங்களில் ஆலோசகராக வருகிறவர் குரல் நடுங்காமல் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியே ஆக வேண்டும். பதில் ‘ஆமாம்’ என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகவும் தெரிய வேண்டும். தன் எல்லையை அறிவதும் திறமைதான். சென்னையில் 1986-இல் தொடங்கிய சிநேகா, கொச்சியின் மைத்ரி போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகளின் தொண்டர்களும் பயிற்சிக்குப் பிறகே அழைப்பை எடுக்கிறார்கள்.

இப்படி இருக்க, வார இறுதி வகுப்புச் சான்றிதழை மாட்டிக்கொண்டு பலகை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். ‘கவுன்சிலர்’ என்ற பலகைக்கு அப்படி ஒரு வாசல்காவல் வெகுகாலம் இருந்ததில்லை. 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஆலோசகர்களில் சில பிரிவினரையாவது பட்டியலில் சேர்த்தது நல்ல விஷயம். அது முழுசாக நடைமுறைக்கு வர வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மேற்பார்வையோடு எத்தனை மணி நேரம் களப்பயிற்சி என்று முதலில் கேளுங்கள். ஆலோசனை தேடிப் போகிறவர்களும் தயங்காமல் கேட்கலாம்: “உங்க வேலையை யார் மேற்பார்வை பண்றாங்க?” நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.