தாது உப்பில் எலும்பு இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ஆகட்டும், மறையூர், காந்தளூர் மலைப்பகுதி ஆகட்டும், கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் தாது உப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சந்தேகம் தவறாமல் வரும். “மாட்டு எலும்பையே அரைத்து மாட்டுக்குக் கொடுக்கிறார்களாமே?” இதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை வருடம் நிலைத்திருக்கிறது.

தாது உப்பின் முக்கியச் சரக்கு டைகால்சியம் பாஸ்பேட். கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் சேர்த்துத் தருவது அதுதான். அதை இரண்டு வழிகளில் எடுக்கிறார்கள். ஒன்று, பூமியில் வெட்டியெடுக்கும் பாஸ்பேட் பாறை. இன்னொன்று எலும்பு. திருச்சூர் மாவட்டம் காதிக்குடத்தில், மாத்திரைக் கூடு செய்யும் ஜெலட்டினுக்கான மூலப்பொருளை எலும்பிலிருந்து எடுக்கும் ஆலை இருக்கிறது. அங்கே எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். எலும்பிலுள்ள தாதுக்கள் அமிலத்தில் கரைந்து வரும். அந்தக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் வெள்ளைப் பொடியாகப் படிவது டைகால்சியம் பாஸ்பேட்.

ஆக, எலும்பு வழி வந்த சரக்கு சந்தையில் உண்டு. ஆனால் அது எலும்புத்தூள் அல்ல. இந்த வேறுபாடு முக்கியம். 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்திய மாட்டு நோய் பரவியது, இறைச்சியும் எலும்பும் அரைத்த தீவனத்தால். நோயைக் கடத்துவது ஒரு வகைப் புரதம். அதனால்தான் அசைபோடும் கால்நடைகளுக்கு அத்தகைய தீவனம் கொடுப்பதை இந்தியா 2001இல் தடை செய்தது. புரதமும் கொழுப்பும் துளியும் இல்லாத டைகால்சியம் பாஸ்பேட்டுக்கு இந்த நோயின் பெயரால் எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி. யாராவது எலும்பைச் சுட்டு இடித்துக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்.

நம்பிக்கை காரணமாக எலும்பு வழிச் சரக்கே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம், அதை அறிவியலைக் காட்டி மடக்க வேண்டியதில்லை. பாறை வழிச் சரக்குதானா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம். அதற்காகப் பாறைப் பொடியை அப்படியே கொடுத்துவிடவும் கூடாது. அதிலுள்ள ஃபுளோரின் நாளடைவில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

அடுத்தது உப்பு. “தவிட்டுத் தண்ணியில் கல்லுப்பு போடுகிறேனே, போதாதா?” என்பார்கள். கல்லுப்பு தருவது சோடியமும் குளோரினும். இப்போது கொட்டகைகளில் தொங்கும் இளஞ்சிவப்பு உப்புக்கட்டியும் பெரும்பகுதி அதே சரக்குதான், நிறம் இரும்பால் வருவது. விலைதான் வேறு. பாலில் போவதோ வேறு கணக்கு: ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம், 0.9 கிராம் பாஸ்பரஸ். பத்து லிட்டர் கறக்கும் மாடு தினமும் 12 கிராம் கால்சியத்தை வெளியே விடுகிறது. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரை நக்குவதும் கிடைத்த எலும்பை மெல்லுவதும் பல நேரம் பாஸ்பரஸ் பஞ்சத்தின் அடையாளம். ‘எலும்பா, ஐயோ’ என்று நாம் தயங்கி நிற்க, மாடு தெருவில் கிடக்கும் எலும்பைத் தேடிப் போகிறது!

எலும்பைப் பற்றிய பயத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு நம்பிக்கை. ஈனப்போகும் மாட்டுக்குக் கால்சியம் டானிக் ஊற்ற ஊற்ற நல்லது என்பது. வற்றுக்காலத்தில் கால்சியம் அளவுக்கு மீறி வந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் உடம்பின் ஏற்பாடு மந்தமாகிவிடும். ஈன்றதும் சீம்பாலுக்குத் திடீரென்று கால்சியம் தேவைப்படும்போது ரத்தத்தில் அளவு சரிந்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்து மாடு படுத்துவிடும். பால் காய்ச்சல் அதுதான். கால்நடை மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் எழுந்துவிடும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் இது கைவைத்தியத்துக்கு உரியதல்ல. ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய பாக்கெட்டைச் செம்மறி ஆட்டுக்கும் பிரித்துப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும்.

வாங்கும்போது பையில் ஐ.எஸ். 1664 என்ற தர எண்ணைப் பாருங்கள். உப்பு சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு வகை உண்டு. சேர்க்காத வகையில் கால்சியம் 20 சதவீதத்துக்கும் பாஸ்பரஸ் 12 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. கல்லுப்பைத் தனியாகப் போட வேண்டியது இந்த உப்பு சேர்க்காத வகைக்குத்தான். கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம், அதிகம் கறப்பதற்கு 100 கிராம் வரை, கன்றுக்கு 20 முதல் 25 கிராம். பாஸ்பரஸ் எத்தனை சதவீதம் என்று அச்சிடாத பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.