ஊர் கூடித் தேர் இழுக்கலாம். அச்சாணியை யார் போடுவது?



"பல்கலைக்கழகம் பணமில்லாமத் தள்ளாடினா நமக்கென்னடா? நாம டிப்ளமோதானே!" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். நமக்கு நிறையவே இருக்கிறது. நம்மில் பலர் நாளைக்கு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர நினைப்பவர்கள். அந்தக் கதவு என்ன விலைக்குத் திறக்கும் என்பது நம் பிரச்சினை இல்லையா?

கல்விக்குத் தேச வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்கச் சொன்னது 1964-66 கோத்தாரி கமிஷன். அந்த ஆறு இன்றும் எட்டாக்கனிதான். 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதையைப் பாருங்கள். அரசு மானியம் குறைந்துபோனதால், அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்துக்குரிய வரிவிலக்கு அதற்கு மறுக்கப்பட்டது. 2024-ல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. மாநில அரசு கொடுப்பது குறைந்தது; மத்திய அரசு வரி கேட்டது; நடுவில் நசுங்கியது பல்கலைக்கழகம்.

இதற்கு, "ஒன்றுக்கொன்று கைகோத்துச் சமாளியுங்கள்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அது தப்பே இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் 1978-ல் சேர்ந்துதானே அண்ணா பல்கலைக்கழகம் ஆனது? 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை, சுமார் 6,300 அரசு நிறுவனங்கள் பொதுவில் படிக்க அது வழி செய்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகுமா? சென்னை ஐ.ஐ.டி.யின் நவீன ஆய்வுக்கருவி மையமும் வெளியிலிருந்து வரும் மாதிரிகளைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறது. இதெல்லாம் புத்திசாலித்தனம்.

ஆனால் எல்லாத்தையும் பங்கு போட முடியாது. ஆய்விதழை ஆயிரம் பேர் படித்தாலும் தேயாது. வாத்தியார் அப்படியா? ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், ஒருவன் டர்னிங் பண்ணுவான். ஒன்பது பேர் வேடிக்கை பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டு எழுதுவார்கள். நம் வொர்க்ஷாப்பில் இது யாருக்குத் தெரியாது?

இன்னொரு வழி, கட்டணத்தை ஏற்றுவது. சுயநிதிப் படிப்புகளைப் பெருக்குவது. எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அப்பாவுக்குப் பாடத்தின் பெயர்கூடச் சொல்லத் தெரியாது. "கவர்மென்ட் காலேஜ்தானே, போய்ப் படிடா" என்ற ஒரே தைரியத்தில்தான் அனுப்பினார். உள்ளே சுயநிதி என்று தனிக் கவுன்ட்டர் வைத்தால், அந்தத் தைரியம் வாசலிலேயே செத்துப்போகும்.

ஆகவே என் கருத்து இதுதான். நூலகத்தையும் கருவிகளையும் பகிர்ந்து மிச்சம் பிடியுங்கள். அந்த மிச்சத்தைக் காரணம் காட்டி மானியத்தை வெட்டாதீர்கள். அதைக் கொண்டு காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்புங்கள். கட்டணத்தை உயர்த்தும் முன் வரவு செலவுக் கணக்கை மாணவர் முன் வையுங்கள். இதைக் கேட்கிற கடமை நம் சங்கத்துக்கும் உண்டு.

ஊர் கூடித் தேர் இழுக்க நாங்க ரெடி. ஆனால் அச்சாணியை அரசுதான் போட வேண்டும். அது இல்லாத தேரை எத்தனை பேர் இழுத்தாலும், சாய்வது எங்கள் மேல்தான்!