நாலாம் மாடிக்கு மேலே ஒரு வீடு

வெள்ளவத்தையில் இரண்டு தமிழர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்த கையோடு வருகிற கேள்வி "பிள்ளைகள் எங்க?" என்பதுதான். என்ன செய்கிறார்கள் என்றல்ல, எங்கே என்று. பதில் ஒரு தேசப்படம்போல விரியும். மூத்தவர் ஸ்காபரோ, அடுத்தவர் லண்டன். கடைசிப் பிள்ளை மட்டும் இங்கே. அவருக்கும் "அலுவல் பார்த்துக்கொண்டிருக்கிறம்". அலுவல் என்றால் விசா அலுவல். அதற்கு விளக்கம் கேட்பவர் காலி வீதியில் எவரும் இல்லை.

சொந்த நாட்டில் வாழ விருப்பமா, வேறு நாட்டுக்குப் போக விருப்பமா என்று உலகெங்கும் கருத்துக்கணிப்புகள் நடக்கின்றன. அந்தக் கேள்வியை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கேட்டால் விடை தெளிவாக வராது. கேட்கப்படுபவர் தடுமாறுகிறார் என்பதல்ல காரணம். நம்முடைய பேச்சில் ஊர் வேறு, நாடு வேறு. ஊரைப் பற்றிக் கேட்டால் காரைநகர், பருத்தித்துறை, மூதூர், ஹட்டன் என்று உடனே பதில் வரும். நாட்டைப் பற்றிக் கேட்டால் சற்று மௌனம், பிறகு "இருக்கிறம்தானே" என்ற ஒரு சொல். ஊரில் பற்று வைத்து நாட்டில் நம்பிக்கை வைக்காமல் ஒருவர் எழுபது வயது வரை வாழ்ந்துவிட முடியும் என்பதற்கு வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் வேண்டிய அளவு சாட்சிகள் உண்டு.

அந்த மௌனத்துக்கு வரலாறு இருக்கிறது. 1958 கலவரத்தில் கொழும்பில் அகதிகளான தமிழர்கள் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். 1983 இலும் அதுவே நடந்தது. யூலை 23 ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையில் மூண்ட தீ, 25 ஆம் திகதி வெள்ளவத்தையில் எரிந்துகொண்டிருந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்து வந்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். அந்த இரண்டு தடவையும் உயிரைக் காப்பதற்காக அனுப்பினோம் என்று அரசு சொல்லலாம். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலைக்கு அந்த நியாயமும் கிடையாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பதே சொல்லப்பட்ட குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமராக இருந்த இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பியும் வந்தார்கள். ஆனால், தன் நாட்டின் தலைநகரில் ஒரு குடிமகன் தங்குவதற்குக் "காரணம்" காட்ட வேண்டும் என்ற எண்ணம் நீதிமன்றக் கட்டளையோடு மறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு செப்டெம்பரிலேயே, வடக்கிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று தம்மைப் பதிந்துகொள்ள நேர்ந்தது.

இதைச் சொல்லும்போது மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். வன்னியிலிருந்து வெளியே வருவதற்குப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறைகளாக வாழ்ந்த ஊர் அவர்களுக்குச் சில மணி நேரத்தில் அந்நியமானது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்தவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்பதற்கு நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

இனி வீட்டு விடயத்துக்கு வருவோம். போரின்போது லொட்ஜுகள் நிறைந்திருந்த ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள். அவற்றில் இரவில் விளக்கெரியாத ஜன்னல்கள் பல. உரிமையாளர்கள் வெளிநாட்டில். நல்லூர்த் திருவிழாவையொட்டி ஓகஸ்டில் வருவார்கள், ஒரு கல்யாணம், இரண்டு நேர்த்தி, புடவைக்கடை என்று மூன்று கிழமை இருந்துவிட்டுச் சாவியைக் காவலாளியிடமோ பக்கத்து வீட்டு அன்ரியிடமோ கொடுத்துவிட்டுப் போவார்கள்.

1983 இல் எரிந்த இடத்திலேயே காசைப் போட்டு ஏன் வீடு வாங்குகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் பரம்பரைக் காணி கிடக்கிறதே? இதற்கு உணர்ச்சியான பதில்கள் பல உண்டு. சட்டமான பதில் ஒன்றும் உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. கனேடியக் கடவுச்சீட்டு எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர், அச்சுவேலியில் தான் தவழ்ந்த வளவுக்குப் பக்கத்துக் காணியை விலைக்கு வாங்கப் போனால் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். மரபுரிமையாக வருவதற்கு விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. இன்னொரு விலக்கு, தொடர்மாடியில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீடு. முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகக் கொண்டுவந்தால் அதை எவரும் வாங்கலாம். ஆக, மண்ணில் கால் பதிய உரிமையில்லை, நாலாம் மாடிக்கு மேலே இருக்கலாம். விசாரணைக்கு அழைக்கப்பட்ட தமிழர்களுக்குக் கொழும்பில் "நாலாம் மாடி" என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்று ஒரு பொருள் முன்பே இருந்தது. சட்டம் வரைந்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவர்கள் சொல்லும் காரணங்கள் இன்னும் எளிமையானவை. கட்டுநாயக்கா கிட்ட. நல்ல ஆஸ்பத்திரி கிட்ட. தேங்காயும் மீனும் கோயிலும் தமிழில் பேசும் வைத்தியரும் நடந்துபோகும் தூரத்தில். யாழ்ப்பாணத்து வீடு பெரியது, ஆனால் அயலில் எவரும் இல்லை. இரவில் கதவைத் தட்டினால் திறக்கப் பயம். இதைச் சொல்பவர்களில் கணிசமானோர் கனடாவையோ இலண்டனையோ பார்த்துவிட்டுத் திரும்பிய முதியவர்கள். பிள்ளை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார், போனார்கள், பேரப்பிள்ளையை வளர்த்தார்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பகல் முழுக்கப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் வந்துவிட்டார்கள். இவர்களைப் பொறுத்தவரை வெள்ளவத்தை ஒரு தெரிவு என்பதைவிட ஒரு சமரசம். பிள்ளைகளிடமும் இல்லை, ஊரிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். வீட்டுவேலைக்கு மலையகத்திலிருந்து ஒரு பெண், இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் முகங்கள்.

அந்த வீட்டுவேலைப் பெண்ணிடமும், கீழே காவலறையில் இருக்கும் இளைஞரிடமும், மளிகைக்கடையில் மூட்டை இறக்குபவரிடமும் நம்மில் எவரும் நாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்பதில்லை. கேட்டால் மிகக் கனமான பதில் அங்கேதான் கிடைக்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பாட்டன் பாட்டியை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று இரண்டு தலைநகரங்களில் பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. இங்கே பிறந்தவர் ஒருபோதும் பாராத "தாய்நாட்டுக்கு"த் திருப்பி அனுப்பப்பட்டார். மீதமிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஆனது.

கடலுக்கு அப்பால் இதன் தலைகீழ் நடக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஈழத்தமிழருக்கு அங்கே மொழி சொந்தம், கோயில் சொந்தம், சாப்பாடும் சினிமாவும் சொந்தம். பிரஜாவுரிமை மட்டும் இல்லை. 2019 இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம் இலங்கையைக் கணக்கிலெடுக்கவில்லை. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு, எல்லோரையும் ஏற்றுக்கொள்ள இந்தியா ஒன்றும் சத்திரம் அல்ல என்ற கருத்துப்பட வாய்மொழியாகக் குறிப்பிட்டது. ரொறன்ரோவுக்குப் போனவருக்கோ மொழி அந்நியம், குளிர் அந்நியம், ஆனால் சில ஆண்டுகளில் கடவுச்சீட்டும் வாக்கும் கிடைத்துவிட்டன. மனம் எங்கே ஒட்டுகிறது என்பதற்கும் கடதாசி எங்கே கிடைக்கிறது என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டது. எந்த நாடு நல்ல நாடு என்று வெள்ளவத்தைத் தேநீர்க்கடைகளில் நடக்கும் விவாதங்களில் கடைசியில் வெல்வது கடதாசிதான்.

இரட்டைப் பிரஜாவுரிமை அந்த இடைவெளியை அடைக்கும் என்று நம்பப்பட்டது. 1987 இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2011 இல் நிறுத்தப்பட்டு, 2015 இல் மீண்டும் தொடங்கிய ஏற்பாடு அது. 55 வயதைக் கடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்வித் தகைமை, சொத்து, வங்கி வைப்பு என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். அடுத்த நாடும் சம்மதிக்க வேண்டும். நோர்வே 2020 இலும் ஜேர்மனி 2024 இலும்தான் கதவைத் திறந்தன. பெற்றவர் வாக்களிக்கலாம், ஆனால் இங்கே வந்துதான். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வசதி இல்லை. பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது: 2015 இன் 19 ஆம் திருத்தம் தடுத்தது, 2020 இன் 20 ஆம் திருத்தம் தளர்த்தியது, 2022 இன் 21 ஆம் திருத்தம் மறுபடி தடுத்தது. பெரும்பாலும் ஒரு குடும்பத்தைச் சுற்றி நடந்த இந்தச் சட்ட ஆட்டத்தில் புலம்பெயர்ந்த தமிழரை எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய காசு தேவை என்று எல்லா அரசாங்கமும் சொல்கிறது.

2022 வந்தபின் ஒரு புதுமை. ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டில் மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனார்கள். பத்தரமுல்லை வரிசையில் விடிய விடிய நின்றவர்களில் பெரும்பாலானோர் சிங்கள இளைஞர்கள். நாற்பது ஆண்டுகளாக நமது வீடுகளுக்குள் மட்டும் கேட்ட "எப்ப போறாய்?" அப்போது நுகேகொடையிலும் கேட்டது. துயரத்தில் ஒற்றுமை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் கனடா போவதாக நம்பி லேடி ஆர்3 என்ற பழைய கப்பலில் ஏறி, வியட்நாமுக்கு அருகே கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட 303 பேரில் பெரும்பாலோர் தமிழர். விசா கிடைக்கும் தகுதி உள்ளவர் விமானத்தில் போகிறார். அது இல்லாதவர் ஏஜென்சிக்காரரிடம் காணி உறுதியை அடகு வைக்கிறார்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்து, வாடகை கட்டி, இரண்டு பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலையில் படிப்பிக்கிற பெற்றோர், அந்தப் பாடசாலையைத் தெரிவு செய்த அன்றே நாட்டைப் பற்றிய தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டார்கள். இலண்டன் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளை பேராதனைக்குப் போகாது. அந்தப் பிள்ளையிடம் ஊரைக் கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்லும். அங்கே இரண்டு திருவிழாவுக்குப் போயிருக்கும். பாதை தெரிந்தது மரைன் டிரைவும் வெள்ளவத்தைச் சந்தையும்தான். இவர்களுக்கு வெள்ளவத்தையே ஊர் என்பதை மூத்தவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் போவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் போகிறவர் கட்டுவதில்லை. 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். போரில் இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்த வெற்றிடம் அது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 உறுப்பினர்களை அனுப்பியது. 2015 இல் 7. 2024 இல் 6. அந்த ஆறில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றபோது தமிழ்த் தேசியக் கட்சிகளின் பிளவைப் பற்றி நாம் நிறையவே எழுதினோம். ஒன்பது ஆறாகக் கரைந்ததைப் பற்றி எழுதியது குறைவு. மேடையில் தாயகக் கோட்பாடு பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே என்று வெள்ளவத்தைக் கேள்வியையே அவர்களிடமும் கேட்கலாம்.

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நேரில் வந்து திறந்துவைத்தார். நல்ல காரியம், அதுவரை வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைய வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, குளித்துவிட்டு வரிசைக்கு ஓடிய காலம் இதோடு முடியலாம் என்று லொட்ஜ் வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். தூதரக நேர்முகத்துக்கு இன்னும் கொழும்புக்குத்தான் வர வேண்டும் என்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல்.