மாத்திரையோடு சீட்டும் வேண்டும்

சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கும் மாணவர் சிலர், ஓய்வு நேரத்தில் ஏழைத் தொழிலாளிக்கு ஊழியம் செய்யப் போகிறார்கள். கேலாங் வட்டாரத்தில் டாக்டர் கோ வெய் லியோங்கும் அவர் நண்பரும் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ஹெல்த்சர்வ் என்னும் அமைப்பில், கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த தமிழ்நாட்டாரும் வங்காளதேசத்தாரும் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் வருகிறார்கள். மாணவர்கள் கூட நின்று உதவுகிறார்கள். டாக்டர் படிப்பென்றால் கார், பங்களா, சீர்வரிசை என்றே கணக்குப் போடும் நம் சமூகத்தில் இந்தப் பிள்ளைகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, வரவேற்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நோயாளியாக இருந்து பழகியவர்கள் நாம். டாக்டரிடம் என்ன வேண்டும் என்பதை நாமன்றி வேறு யார் சொல்வது?

முதலில் கடன் கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி சர்க்கார் தானாக மனமிரங்கிக் கட்டியதன்று. 1904-இல் தான் ஜியாக் கிம் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொடுத்து, 87,077 வெள்ளி வசூலித்துக் காட்டிய பிறகே, 1905 ஜூலையில் 23 மாணவர்களோடு அது திறக்கப்பட்டது. கொடுத்தவர்கள் செல்வர்கள்தாம். அந்தச் செல்வம் யார் வியர்வையில் விளைந்தது என்பதை ரப்பர் பால் எடுப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே டாக்டர் ஏழையிடம் வருவது தருமமன்று, கடனைத் திருப்பிக் கட்டுவதே.

அந்தப் பள்ளியே வளர்ந்து கல்லூரியாகி, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அங்கே மருத்துவம் படித்தவர் எம்.கே.ராஜகுமார். மாணவர்களின் 'ஃபஜார்' பத்திரிகையில் வந்த தலையங்கத்துக்காக 1954 மே மாதம் கைதான எட்டுப் பேரில் அவரும் ஒருவர். இராஜத்துரோக வழக்குத் தொடுத்தார்கள். ஆகஸ்டில் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். பிற்காலத்தில் மலேசிய மருத்துவர் சங்கத்தின் தலைவராகவும், உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவராகவும் உயர்ந்தபோதும், 2008-இல் மறைந்த அவர் கோலாலம்பூரில் சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் குடும்ப டாக்டராகவே வாழ்ந்தார். நோயைப் பார்ப்பவன் நோயாளியின் கூலியையும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதை மாணவப் பருவத்திலேயே உணர்ந்தவர் என்று அவரை நாம் மதிக்கிறோம்.

இங்கேதான் நம் கோரிக்கை வருகிறது. நாள் கூலிக்காரனுக்கு மாத்திரையைவிட முக்கியமான மருந்து ஒன்று உண்டு. அது மருத்துவ விடுப்புச் சீட்டு. டாக்டருக்கு அது ஒரு கையெழுத்து. தொழிலாளிக்கு அது அடுப்பு எரிவது. சிங்கப்பூரில் முன்பு வேலையில் அடிபட்டவனுக்கு மூன்று நாளுக்கு மேல் விடுப்புக் கொடுத்தால்தான் முதலாளி அந்த விபத்தை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் சீட்டு எழுதினால் விபத்தே நடக்காதது போலாகிவிடும்! அடிபட்ட தொழிலாளிக்குப் போதிய விடுப்புத் தராத டாக்டர்களை மருத்துவ மன்றம் தண்டித்த வழக்குகளும் உண்டு. 2020 செப்டம்பர் முதல் சட்டம் மாறிற்று. ஒரு நாள் விடுப்பானாலும், இலேசான வேலை கொடுக்கச் சொன்னாலும், தெரிவித்தாக வேண்டும். நல்ல காரியம். ஆனால் எத்தனை நாள் என்று எழுதும் பேனா இன்னும் டாக்டரின் கையில்தான் இருக்கிறது. அவர் காதில் முதலாளியின் ஆள் முணுமுணுத்தால் என்ன செய்வார்?

தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனவர்களுக்குத் தெரியும், சிராங்கூன் ரோட்டில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கையில் கட்டோடு நிற்பவனும் இருப்பான். வேலையும் இல்லாமல் நஷ்டஈட்டுக்காகக் காத்துக் கிடக்கும் இப்படிப்பட்டவர்களுக்குச் சோறு போடவென்றே 2008-இல் கஃப் ரோடு பெயரில் ஒரு தொண்டர் அமைப்பு திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. 2020-இல் தங்கும் விடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேரில் 47 விழுக்காட்டினரைக் கொரோனா தொற்றியது. ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுப்பவனிடம் தள்ளி நில் என்று எந்த டாக்டர் சொல்வது? நம் பழைய லயங்களில் காய்ச்சல் பரவியதும் இதே வழியில்தான்.

இத்தாலியில் ராமாசினி என்ற வைத்தியர் 1700-ஆம் ஆண்டிலேயே ஒன்று சொல்லிவைத்தார்: நோயாளியிடம் நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேள். இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்தெழுதும் டாக்டர்கள் நம் ஊரில் குறைவா? விடியுமுன் எழுந்து குனிந்து கோடு வெட்டி, வாளி சுமந்தவளுக்கு இடுப்பு வலி என்றால் தைலம் மட்டும் போதுமா?

நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது மருத்துவம் படிக்கிறார்கள். சங்கக் கிளைகள் அவர்களையும், அவர்களோடு படிக்கும் மற்ற மாணவர்களையும் விடுமுறையில் அழைக்கட்டும். மாலை போட்டுக் கூட்டம் நடத்தியது போதும். விடியற்காலை பெரட்டுக் களத்துக்கு வரட்டும். ஒரு நிரை மரத்தையாவது நம்மோடு சுற்றட்டும். பிறகு ஆபீசில் நம் கிராணிமார் செக்ரோலைத் திறந்து, சீட்டோடு படுத்தவன் பெயருக்கு நேரே என்ன விழுந்திருக்கிறது, சீட்டில்லாமல் படுத்தவன் பெயருக்கு நேரே என்ன விழுந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும்.