கூலி வேறு, வரி வேறு

"லினக்ஸ் இலவசம் என்கிறீர்கள். பிறகு சந்தா எதற்குத் தோழர்?"

கோட்டக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டீக்கடை ஒன்றில் நம்மிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் சிறு கடைக்காரர். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது, சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் மனு அனுப்புவது, மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தருவது, இவைதான் அவர் பிழைப்பு. கடையில் இருப்பவை இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இந்தப் பழைய மிஷின்கள் விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டா. புதிது வாங்கக் கையில் காசில்லை. லினக்ஸ் போட்டுவிடலாம் என்கிறான் மகன். விசாரித்துப் பார்த்தால் அங்கேயும் 'சந்தா' என்ற சொல் காதில் விழுகிறது. மனிதர் குழம்பிப் போனார்.

நாம் பதில் சொல்லுமுன், பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் சொன்னார்: "கடல் தண்ணி இலவசந்தான் அண்ணே. வரப்பு யாரு போடறது?"

பிரச்னையின் உயிர்நாடி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

வரப்பு போடுவது யார்?

உப்பளத்தை ஒருமுறை வெட்டிவிட்டால் காலமெல்லாம் உப்பு விளையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கும். 2024 நவம்பர் 30ஆம் தேதி பெங்கல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது உப்பளங்கள் வெள்ளக்காடாயின. மழை ஓய்ந்தபின் சேற்றை அள்ளி, வரப்பை உயர்த்தி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் அடுத்த பருவம். வருஷா வருஷம் இந்த உழைப்பு இல்லையென்றால் உப்பளம் வெறும் சதுப்பு நிலம்.

மென்பொருளும் அப்படித்தான். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை வெளியிட்டார். இவற்றோடு உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரல்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று இசையச் செய்து, வீட்டிலும் ஆபீசிலும் போட்டுக்கொள்ளும் வடிவில் தருவதற்குத்தான் 'லினக்ஸ் வினியோகம்' என்று பெயர். டெபியன், உபுண்டு, சூஸே, ரெட் ஹாட் எல்லாம் அத்தகைய வினியோகங்களே. டெபியன் ஒன்றில் மட்டும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன.

இத்தனை நிரல்களிலும் நாள்தோறும் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது. யாரோ ஒருவர் அதற்குத் திருத்தம் எழுத வேண்டும். வேறொருவர் அதைப் பழைய பதிப்புக்கும் பொருந்தும்படி மாற்ற வேண்டும், சோதிக்க வேண்டும், போலி நுழையாதபடி டிஜிட்டல் முத்திரை இட்டுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். கடைக்காரரின் கம்ப்யூட்டர் அதை அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். அப்டேட் என்பது இதுதான். இது மந்திரத்தால் நடப்பதில்லை. மனித உழைப்பால் நடக்கிறது.

உழைப்பு என்றால் கூலி உண்டு. பத்து வருஷத்துக்கு முந்திய பதிப்புக்கும் திருத்தம் எழுதும் தொழிலாளி காற்றைக் குடித்து வாழ முடியாது. கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருள் காசில்லாத மென்பொருள் என்பதல்ல. எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க உரிமையுள்ள மென்பொருள் என்பதே அதன் பொருள். ஜி.பி.எல். உரிமமும் பணம் வாங்குவதைத் தடுக்கவில்லை. எனவே, 'சந்தா என்றாலே கொள்ளை' என்று கூச்சலிடுவது உழைப்பாளிக்குச் செய்யும் துரோகம். அந்தக் கூச்சலில் நாம் சேர மாட்டோம்.

இலவச உழைப்பின் விலை

கூலி கொடுக்காமல் உழைப்பை உறிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை உலகம் இரண்டு முறை பார்த்துவிட்டது.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் வணிகப் பெருங்கம்பெனிகளும் தங்கள் ரகசியங்களைக் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் அந்த ஓட்டை இருந்தது. கோடி கோடியாக லாபம் குவித்தவர்கள் அதை உபயோகித்தார்கள். ஆனால் அதைப் பராமரிக்க முழுநேர ஊழியர் ஒரே ஒருவர்தான் இருந்தார் என்ற சேதி அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2024 மார்ச்சில் இன்னொன்று. லினக்ஸ் வினியோகங்கள் பலவற்றிலும் இடம்பெறும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலைக் கூலியின்றித் தனியாளாகப் பராமரித்து வந்தவர் களைத்துப் போயிருந்தார். உதவி செய்வதுபோல் வந்த முகமூடி மனிதர் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, அதற்குள் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் மிஷின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது.

வரப்பைக் காக்க ஒரே ஆளை, அதுவும் கூலியில்லாமல், நிறுத்தி வைத்தால் வெள்ளம் வரத்தான் செய்யும்.

வரியாவது எப்போது?

அப்படியானால் கம்பெனிகள் கேட்கும் சந்தாவெல்லாம் நியாயமான கூலிதானா? இல்லை. இங்கேதான் நாம் கோடு கிழிக்கிறோம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் ஏன் நடந்தார்கள்? உப்பு வாரியவனுக்குக் கூலி கொடுக்கக்கூடாது என்றா? இல்லை. கடல் கொடுத்த உப்பை மக்கள் அள்ளுவதே குற்றம் என்று சட்டம் போட்டு, அந்தத் தடையின் பேரில் அந்நிய ஆட்சி வரி பிடுங்கியது. அதை எதிர்த்துத்தான் நடந்தார்கள். செய்த வேலைக்குக் கொடுப்பது கூலி. பொதுச் சொத்துக்குக் காவல் போட்டு, வாசலில் நின்று வாங்குவது வரி.

இந்த அளவுகோலை எடுத்துப் பார்ப்போம்.

டெபியன் தன் திருத்தங்களை ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள் எல்லோருக்கும் தருகிறது. சந்தா இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. பிற்பாதியில் அந்த வேலையைச் செய்வோருக்குச் சில ஸ்தாபனங்கள் பணம் கொடுக்கின்றன. பலன் எல்லோருக்கும் போகிறது. இது கூலி.

உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பில் அடிப்படைத் தொகுப்புகளுக்கு 5 ஆண்டுத் திருத்தம் எல்லோருக்கும் உண்டு. மற்ற பல்லாயிரம் தொகுப்புகளுக்கும், 10 ஆண்டு வரை நீளும் திருத்தங்களுக்கும் 'உபுண்டு புரோ' சந்தா வேண்டும். ஒருவர் 5 மிஷின்கள் வரை கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் கணக்குத் தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். கோட்டக்குப்பம் கடைக்காரருக்கு இன்று இதனால் நஷ்டமில்லை. ஆயினும் வாசலில் ஒரு கதவு வைத்தாகிவிட்டது. சாவி கம்பெனியின் கையில் இருக்கிறது.

ரெட் ஹாட் கதை இதைவிடக் கடுமையானது. 2019இல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹாட்டின் மூல நிரலைக் கொண்டு சென்ட்ஓஎஸ் என்ற வினியோகம் இலவசமாகக் கிடைத்துவந்தது. கல்லூரிகளும் சிறு ஸ்தாபனங்களும் அதை நம்பியிருந்தன. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆயுள் என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் திடீரென்று அறிவித்து, 2021 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அதை முடித்துவிட்டார்கள். மக்கள் சும்மா இருக்கவில்லை. அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்று வினியோகங்களை எழுப்பினார்கள். 2023 ஜூனில் அடுத்த அடி விழுந்தது. வாடிக்கையாளருக்குத் தரும் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை ரெட் ஹாட் நிறுத்தியது. சந்தாதாரருக்கு மூல நிரல் கிடைக்கும். ஆனால் அதை அவர் வெளியே பகிர்ந்தால் சந்தாவை ரத்து செய்ய ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. உரிமத்தின் எழுத்தை மீறவில்லை என்று கம்பெனி வாதாடுகிறது. எழுத்து பிழைத்திருக்கலாம், அதன் உயிர் எங்கே?

16 மிஷின்கள் வரை இலவசம் என்று ஒரு சலுகையும் தந்திருக்கிறார்கள். சலுகை என்பது உரிமையல்ல. கொடுத்த கை நாளை மூடிக்கொள்ளலாம்.

பாதுகாப்பைக் காசுள்ளவனுக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் உலகமே சாட்சி. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் பல நாடுகளில் பரவி, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளையும் முடக்கியது. பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் அப்போது தனிக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்து வந்தன. நோய் பரவிய பிறகுதான் மைக்ரோசாப்ட் அந்தத் திருத்தத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அம்மைத் தடுப்பூசியைக் காசு கட்டிய தெருவுக்கு மட்டும் போடுவோம் என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா?

நம் ராஜ்யத்தில் என்ன நிலை?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய ராஜ்யம் அல்ல. 2007 வாக்கிலேயே எல்காட் நிறுவனம் சூஸே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. அதே 2007இல் சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் பிறந்தது. அது பொதுப் பணத்தில் உருவானது, தமிழிலும் பேசக்கூடியது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் நின்றபோது, துறைகளெல்லாம் பாஸ் லினக்ஸைப் போட வேண்டும் என்று ராஜ்ய சர்க்கார் சொன்னது. நல்ல அறிவிப்பு. ஆனால் அறிவிப்பு ஒருநாள் வேலை. வரப்பு ஒவ்வொரு வருஷமும் வேலை.

2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வரவேற்கிறோம். உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் கட்டுமரம் தள்ளுகிறவரின் மகனுக்கும் கம்ப்யூட்டர் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் நாம் கேட்கிறோம்: அந்த மிஷினுக்கு ஐந்தாம் ஆண்டில் திருத்தம் தரப்போவது யார்? மிஷினை இலவசமாகக் கொடுத்து, அதன் உயிரைக் கம்பெனியின் சந்தாப் புத்தகத்தில் அடகு வைப்பதா?

வழி இல்லாமல் இல்லை. அண்டை ராஜ்யமான கேரளத்தைப் பாருங்கள். அங்கே 'கைட்' என்ற பொது நிறுவனம், உபுண்டுவை எடுத்துப் பள்ளிகளுக்கு ஏற்றபடி மாற்றி, மலையாளத்தில் தந்து, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஜெர்மனியில் 2022இல் பொதுப் பணத்தைக் கொண்டு ஒரு நிதியை ஏற்படுத்தி, உலகுக்கே பயன்படும் கட்டற்ற நிரல்களைப் பராமரிப்போருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். கூலி உண்டு, பூட்டு இல்லை. இதைச் சென்னையில் செய்யமுடியாதா?

நமது கோரிக்கைகள்

1. சர்க்கார் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எத்தனை ஆண்டு திருத்தம் கிடைக்கும், யார் தருவார் என்பதை டெண்டரிலேயே எழுதி மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

2. பாஸ் லினக்ஸைப் பராமரிக்க நிரந்தர ஊழியர்களும், நிரந்தர நிதியும் வேண்டும். காண்டிராக்ட் கூலியை வைத்து நாட்டின் வரப்பைக் காக்க முடியாது.

3. கம்பெனிகளிடம் சந்தா வாங்கித்தான் தீரவேண்டுமானால், அந்தப் பணத்தில் எழுதப்படும் திருத்தங்களின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். பகிர்ந்தால் தண்டனை என்ற ஷரத்துள்ள ஒப்பந்தத்தில் சர்க்கார் கையெழுத்திடக் கூடாது.

4. ஒரு முழுத் திருத்தம் இறங்க நூற்றுக்கணக்கான மெகாபைட் ஆகும். செல்போன் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அதுவே ஒரு சந்தா. பொது நூலகங்களிலும் சர்க்கார் கல்லூரிகளிலும் திருத்தக் களஞ்சியத்தின் நகல்களை வைக்க வேண்டும்.

5. கட்டற்ற மென்பொருளில் தொழில் நடத்தி லாபம் குவிக்கும் பெருங்கம்பெனிகள் அதன் பராமரிப்புக்குத் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. விழுப்புரத்தில் குனூ/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். 2012 முதல் 'கணியம்' இதழ் இவற்றைத் தமிழில் எழுதி வருகிறது. வாலிபர்கள் இவர்களிடம் போக வேண்டும். கற்றதை ஊருக்குக் கொண்டு வரவேண்டும்.

டீக்கடையில் நாம் கடைக்காரருக்குச் சொன்னதும் இதுதான்: "பழைய மிஷினுக்கு டெபியன் போடுங்கள். சந்தா கிடையாது. திருத்தம் வந்தால் ஒத்திப்போடாமல் ஏற்றுங்கள். கையில் நாலு காசு மிஞ்சினால், அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். அது கூலி, கொடுக்கலாம். வரி கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்."

உப்பளத் தோழர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மரக்காணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விடியுமுன் அவர் பாத்தியில் இறங்க வேண்டும்.