பெயிண்டைப் பார்த்து லாரி வாங்குவோமா?

பாலிடெக்னிக் மலரில் கலைக் கல்லூரியைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? "நீதான் காலேஜுக்குப் போறவன், தங்கச்சிய எங்க சேக்கலாம், சொல்லு" என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாக டிப்ளமோ படிக்க வந்தவன் வாயில் வருவதுதான் பல குடும்பங்களில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் தெரிந்து சொல்ல வேண்டாமா?

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கல்லூரி போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்லூரியைப் பார்க்கும் நம் கண் இன்னும் உறைவிடப் பள்ளியைப் பார்த்த கண்தான். கட்டடம் எத்தனை மாடி? பஸ் ஊருக்குள்ள வருதா? ஹாஸ்டல்ல கண்டிப்பு உண்டா? இந்த மூன்று கேள்வியோடு பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நாமக்கல்லில் யாராவது பெயிண்டைப் பார்த்து லாரி வாங்குவார்களா? ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பார்ப்பார்கள், குனிந்து சேஸிஸைப் பார்ப்பார்கள், ஆர்.சி. புக்கைப் புரட்டுவார்கள். பழைய லேத் வாங்கும் பட்டறைக்காரர் பெட் தேய்மானத்தைத் தடவிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கல்லூரிக்கு மட்டும் பெயிண்ட் போதுமா?

சின்னக் கல்லூரி என்பதே ஒரு குறை அல்ல. அமெரிக்காவில் 1864-ல் தோன்றிய ஸ்வார்த்மோர் கல்லூரியில் இன்றும் சுமார் 1,600 பேர்தான் படிக்கிறார்கள். ஏறத்தாழ எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர். அங்கே சின்னதாக இருப்பது ஒரு கொள்கை. அதற்கென்று பெரும் நிதியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் சுயநிதிக் கல்லூரிக்கோ மாணவர் கட்டும் பணம்தான் பெரும்பாலும் வருமானம். அறுபது இடத்தில் இருபது பேர் சேர்ந்தால் வகுப்பு சின்னதாகிவிடும், வாஸ்தவம்தான். வருமானமும் மூன்றில் ஒன்றாகிவிடுமே! முதலில் குறைவது ஆசிரியர் சம்பளம், அடுத்துக் குறைவது ஆசிரியர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கல்லூரி சின்னதாக நடத்தப்படுகிறதா, அல்லது காலியாகக் கிடக்கிறதா?

இதற்கு விடை நோட்டீஸில் இருக்காது. அட்மிஷன் பந்தல் போட்ட நாளில் போனாலும் தெரியாது. வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண வேலை நாளில், தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, ஆசிரியர்கள். சேர நினைக்கும் துறையில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஆபீஸில் கேட்காதீர்கள். கேன்டீனில் டீ குடிக்கும் மூன்றாம் வருட மாணவனிடம் கேளுங்கள். "வருசத்துக்கு ரெண்டு தடவ ஆள் மாறுவாங்கண்ணா" என்றால் அங்கேயே புரிந்துவிடும். நான்கே பேர் உள்ள துறையில் இருவர் போனால் பாதித் துறை போயிற்று. அரசுக் கல்லூரியிலும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகள் உண்டு. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நூலகமும் ஆய்வகமும். மத்தியானம் நூலகத்தில் ஆள் இருக்கிறதா, புத்தகம் வீட்டுக்குத் தருகிறார்களா, பீரோவுக்குப் பூட்டா என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் தூசி படிந்த மெஷினைப் பார்த்ததும் நமக்குக் கதை தெரிந்துவிடுமே, அதே கண்தான்.

மூன்றாவது, பட்டம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 1997-ல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரி அதில் இணைந்திருந்தால் மட்டும் போதாது, நாம் சேரும் பாடப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். கவர்ச்சியான பெயரில் வரும் புதுப் பட்டங்களில் கூடுதல் கவனம் தேவை. பின்னால் அரசு வேலைக்குப் போகும்போது, இது எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை தேடி அலைய நேரலாம்.

நான்காவது, பணம். கட்டணத்தோடு பஸ், தேர்வு, சீருடை எல்லாம் சேர்த்து மூன்று வருடக் கணக்கு எழுதிக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-ல் வந்தது. இவற்றில் பார்ப்பது படித்த பள்ளியைத்தான். ஆகவே "எங்க காலேஜ்ல சேந்தாத்தான் கிடைக்கும்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் கையோடு வாங்கி வாருங்கள். அது கையில் இல்லாமல் வேறிடம் போக நினைத்துத் தவிப்பவர்கள் பாடு கொடுமை.

இந்த நான்கிலும் தேறினால் சின்னக் கல்லூரி ஒரு வரம். பேர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர், பயமில்லாமல் எழுந்து கேள்வி கேட்கும் பழக்கம், மேடையில் பேச ஒரு வாய்ப்பு: கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இவை பெரிய கல்லூரிக் கூட்டத்தில் எளிதில் கிடைக்காது. தேறாவிட்டால், பஸ் வீட்டு வாசலுக்கே வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். 1857-ல் பள்ளியாகத் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரியும் நாமக்கல், ராசிபுரம் அரசுக் கல்லூரிகளும் இருக்கவே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. எந்தப் பாடம் என்பதைத் தங்கையே சொல்லட்டும். பக்கத்து வீட்டுப் பொண்ணு பி.காம். சேர்ந்தாள் என்பது ஒரு காரணமா? நாம் மெக்கானிக்கலா சிவிலா என்று அடம் பிடித்து வாங்கிய உரிமை அவளுக்கு மட்டும் கிடையாதா? ஒரு நாள் பஸ் செலவை மிச்சம் பிடிக்கப் போய், அவளுடைய மூன்று வருடத்தைச் செலவழித்துவிடாதீர்கள் நண்பர்களே!